வீடு எந்த நேரத்தில் வேகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி கோடைக்கும் தீக்கும் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சென்னை வெயிலுக்குச் சொல்லும் வைத்தியம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பாதிதான் பொருந்தும். இங்கே கடற்காற்று கிடையாது. மாசி, பங்குனியில் காற்றில் ஈரமும் கிடையாது. பகலில் 40 டிகிரியை ஒட்டி ஏறினாலும் விடியற்காலையில் ஓரளவு இறங்கிவிடும். இந்த வறட்சி நமக்கு இரண்டு வேலை செய்கிறது. தண்ணீர் சட்டென ஆவியாவதால் ஈரத்துணி, வெட்டிவேர் தட்டி, ஏர் கூலர் எல்லாம் இங்கே நன்றாக வேலை செய்யும். அதே வேகத்தில் சருகும் வைக்கோலும் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்துக்கிடக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சுமார் 900 மீட்டர் உயரம். தருமபுரி அதில் பாதி. அதனால் மேட்டில் மூன்று டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும். ஆனால் காடு அங்கேதான் நெருக்கம், எனவே தீயைப் பற்றிய பகுதி அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

ஏசிக்குத் தவணை கட்டுவதற்கு முன் இரண்டு நாள் கடிகாரத்தைப் பாருங்கள். எந்த அறை, எந்த நேரத்தில் அதிகம் சுடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெப்பம் எந்த வழியாக நுழைகிறது என்பதை நேரமே காட்டிக்கொடுக்கும்.

பகலில் தாங்குகிறது, பொழுது சாய்ந்த பிறகு வேகிறது

ஆர்.சி.சி. தளம் போட்ட வீடுகளில் முக்கால்வாசிப் புகார் இதுதான். உச்சி வெயிலில் தளம் குடித்த சூடு உடனே கீழே வராது. காங்கிரீட்டைக் கடந்துவரச் சில மணி நேரம் ஆகும். சாயங்காலம் அது வீட்டுக்குள் இறங்க ஆரம்பித்து இரவு பத்து, பதினொன்று வரை விடாது. ஃபேன் போட்டால் அனல் அடிப்பதும் அதனால்தான். சுடுகிற தளத்தை ஒட்டி நிற்கும் காற்றைத்தான் அது கீழே தள்ளுகிறது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை: இரவு எட்டு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, தளத்தின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொடுங்கள். பிறகு கிழக்குச் சுவரைத் தொடுங்கள். சுவர் சாதாரணமாக இருந்து தளம் கதகதவென்று இருந்தால் பிரச்சினை மேலே இருக்கிறது. அந்த அறைக்கு எத்தனை ஃபேன் போட்டாலும் பலன் கிடைக்காது.

இதற்கு மலிவான வேலை சுண்ணாம்பு அடிப்பது. 500 சதுர அடி தளத்துக்கு 10 கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல், 50 லிட்டர் தண்ணீர், 200 கிராம் பசை என்று தொடங்கலாம். கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்பதுதான் கணக்கு. தண்ணீர் இருக்கும் இரும்பு டிரம்மில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தாளித்து ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த பசையைச் சேர்த்து, பால் பதத்தில் மூன்று கை அடிக்க வேண்டும்.

ஒரே மாதத்தில் உரிந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டுதான். தளத்தில் இருந்த பாசியையும் தூசியையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவாமல் அடித்திருப்பார்கள். இல்லையென்றால் பட்டப்பகலில், சுடுகிற தளத்தில் அடித்திருப்பார்கள்; பூசியவுடன் தண்ணீர் வற்றி, சுண்ணாம்பு பிடிக்காமல் பொடியாக நிற்கும். சாயங்காலம் தளத்தை லேசாக நனைத்துவிட்டு அடியுங்கள். மழைக்காலம் போனால் வெளுப்பும் பாதி போய்விடும், ஆகவே வருஷா வருஷம் மாசி முடிவதற்குள் ஒரு முறை அடிக்க வேண்டும். இந்தச் சிரமம் வேண்டாமென்றால் கூல் ரூஃப் பெயிண்ட் வாங்கலாம். டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. எண் (வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனின் அளவு) 100-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; அந்த எண்ணே இல்லாத டப்பா வெறும் வெள்ளை பெயிண்ட். கல் குவாரி, கிரஷர் பக்கத்து வீடுகளில் தளத்தின் மேல் தூசு படிந்து வெள்ளை சாம்பலாகிவிடும். மாதம் ஒரு தடவை கழுவாவிட்டால் பெயிண்டுக்குக் கொடுத்த காசு வீண்.

தளத்தில் தண்ணீர் ஊற்றலாமா? ஊற்றலாம், ஆனால் குடம் குடமாக வேண்டாம். 500 சதுர அடியில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 46 லிட்டர், அதாவது மூன்று குடம் போதும். அது முழுதும் ஆவியாகும்போது தளத்திலிருந்தும் காற்றிலிருந்தும் சுமார் 30 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் குழாய் வழியாக ஓடிவிடும். மதியம் இரண்டு மணிக்குக் கொதிக்கும் தளத்தில் ஊற்றினால் மயிரிழை போல வெடிப்பு விழும், பிறகு ஐப்பசியில் ஒழுகும். ஆறு மணிக்கு மேல் தெளியுங்கள்.

மேற்கு அறை மட்டும் நள்ளிரவு வரை சுடுகிறது

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வெயில் தின்கிறது. ராத்திரி முழுக்க அதைத் திருப்பித் தருகிறது. இந்த அறையில் படுக்கையை மாற்றிப் போடுவதே முதல் வைத்தியம். செலவே இல்லை. அடுத்தது, சுவருக்கு ஓரடி தள்ளி 75 சதவீத நிழல்வலை. சுவரோடு ஒட்டிக் கட்டினால் வலையின் சூடு சுவருக்கே போகும், ஆகவே இடைவெளி முக்கியம். பந்தல் போட்டுப் பீர்க்கன், பாகல் ஏற்றலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் தண்ணீர் இல்லாமல் காய்ந்த கொடியை அப்படியே விட்டால் சுவரில் விறகு அடுக்கிவைத்த மாதிரிதான். காய்ந்த அன்றே பிடுங்கிவிடுங்கள்.

பதினொரு மணிக்கே அறைக்குள் அனல்

ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். “காத்து வரட்டும்” என்று பகல் முழுக்கத் திறந்து வைப்பது ஓட்டுவீட்டுக் காலத்துப் பழக்கம். தளம் போட்ட, தடித்த சுவருள்ள வீட்டில் வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாகும் நேரத்தில் ஜன்னலை மூடிவிட வேண்டும். இங்கே ஏப்ரலில் அது காலை எட்டரை, ஒன்பது. சாயங்காலம் ஆறு, ஏழுக்குத் திறந்து விடியும் வரை எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். திரையை ஜன்னலுக்கு உள்ளே போடுவதைவிட வெளியே தட்டியோ பாயோ தொங்கவிடுவது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

இந்த விதி ஷீட் வீட்டுக்கு அப்படியே தலைகீழ். அங்கே ஜன்னலை மூடினால் அடுப்புக்குள் உட்கார்ந்த கதைதான்.

சிமெண்ட் ஷீட், தகரக் கூரை: உடனே சுடும், உடனே ஆறும்

இந்தக் கூரைக்குச் சூட்டைத் தேக்கிவைக்கும் கனம் இல்லை. பத்து மணிக்கு ஆரம்பித்து, பொழுது விழுந்த அரை மணியில் தணிந்துவிடும். எனவே பகலில் தலைக்கு மேல் நிழல் வேண்டும். ஷீட்டிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இரும்புக் குழாய் நட்டு நிழல்வலை கட்டுவதும், ஷீட்டின் மேல் வெள்ளை பெயிண்ட் அடிப்பதும் சேர்ந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காய்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்க்கவோ துளை போடவோ கூடாது, அந்த நார்த்தூசு நுரையீரலில் தங்கிவிடும். நனைத்து, மெல்லிய துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள். ஏறி நிற்பதானால் பலகை போட்டு, அடியில் கட்டை உள்ள இடத்தில் நில்லுங்கள்.

இரண்டு மலிவு யோசனைகளை மறுத்தே ஆக வேண்டும். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்புவது குளிர்ச்சிதான். ஆனால் பக்கத்துக் கொல்லையில் கரும்புச் சோகை கொளுத்தினால் பறந்துவரும் ஒரு துணுக்கு போதும். உள்ளே தெர்மகோல் அடிப்பது அதைவிட மோசம், தீப்பிடித்தால் உருகித் தலையில் சொட்டும், புகையும் நஞ்சு. உள்கூரை போட வேண்டுமென்றால் ஜிப்சம் பலகையோ சிமெண்ட் நார்ப் பலகையோ போட்டு, ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக இரு பக்கமும் வழி விடுங்கள்.

கூலர் ஓடுகிறது, ஆனால் பிசுபிசுப்பு

ஜன்னல் மூடியிருக்கிறது. கூலர் ஏசி இல்லை. அது உள்ளே தள்ளும் ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும். கூலர் வெளிக்காற்றை இழுக்குமாறு ஒரு ஜன்னலில் இருக்கட்டும், எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்கட்டும். காற்று வெளியேற ஆயிரம் சி.எப்.எம்.-க்கு (கூலர் நிமிடத்துக்குத் தள்ளும் காற்றின் கன அடி அளவு) இரண்டு சதுர அடித் திறப்பு போதும். அளவு தெரிய, அறையின் நீள அகல உயரத்தை அடியில் பெருக்கி இரண்டால் வகுங்கள். 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் 600 சி.எப்.எம். அட்டைப் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 1,000 வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சித்திரையில் கோடை மழை பெய்த மறுநாள் கூலர் தோற்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. அன்றைக்கு பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டுங்கள்.

பேடு வெள்ளையாக இறுகிவிட்டதா? நம் போர்த்தண்ணீரின் உப்பு அது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மேலே மேலே ஊற்றிக்கொண்டே போகாமல் இரண்டு நாளுக்கு ஒரு முறை முழுதும் திறந்துவிட்டுப் புதுத்தண்ணீர் நிரப்புங்கள். வாரம் ஒரு முறை தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. தகர உடம்புள்ள கூலரைத் தொட்டால் சுரீரென்றால் அதை உடனே நிறுத்துங்கள். மூன்று ஊசி பிளக், எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) மூன்றும் இல்லாமல் திரும்ப ஓட்டக்கூடாது. தண்ணீர் ஊற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது

எப்போதும் மெதுவா, சாயங்காலம் மட்டும் மெதுவா என்று கவனியுங்கள். எப்போதும் என்றால் கெப்பாசிட்டர் களைத்துவிட்டது; சூட்டில் அது சீக்கிரம் தேயும். பெரும்பாலான சீலிங் ஃபேன்களுக்கு 2.5 மைக்ரோ ஃபாரட். பழையதின் மேல் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். பெரிய எண் போட்டால் வேகம் கூடும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், மோட்டார் சுருள் கருகும். மெயினை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

தெருவுக்கே சாயங்காலம் மெதுவாகச் சுற்றினால் குறைந்த மின்னழுத்தம், உங்கள் ஃபேனில் குற்றமில்லை. மின்னகம் 94987 94987-க்கு நாலைந்து வீடுகள் தனித்தனியாகப் புகார் பதியுங்கள்.

எம்.சி.பி. விழுகிறது, பிளக்கில் கருகல் வாடை

கோடைத் தீ எல்லாமே காட்டிலிருந்து வருவதில்லை, சுவருக்குள்ளிருந்தும் வருகிறது. எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்தால் 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டுத் தருகிற எலெக்ட்ரீஷியன் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. எம்.சி.பி. காப்பது ஒயரை. ஒயர் மெல்லியதாக இருக்கும்போது பெரிய எம்.சி.பி. போட்டால் இனி எம்.சி.பி. விழாது, ஒயர் எரியும். ஏசிக்கு மீட்டர் பலகையிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் இழுக்க வேண்டும். ஏசியும் இண்டக்ஷன் அடுப்பும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓடக்கூடாது. 2,000 வாட் இண்டக்ஷன் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது.

பிளக்கின் ஊசி பழுப்பாக இருக்கிறதா, சாக்கெட் பிளாஸ்டிக் நெளிந்திருக்கிறதா என்று மார்ச் மாதமே ஒவ்வொன்றாகப் பாருங்கள். நெளிந்ததை மாற்றும்போது பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய ஊசி புதுச் சாக்கெட்டையும் கருக்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மழைக்காலத்தைவிட அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் தேவைப்படும். அது சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும். பூஜை அறைக்குள், விளக்குக்குக் கீழே வைத்திருக்கும் வீடுகள் நிறைய. தயவுசெய்து வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-ஐ அழையுங்கள்.

குழாயில் வெந்நீர்

கறுப்புத் தொட்டியும், மாடியில் வெயிலில் கிடக்கும் குழாயும்தான் காரணம். தொட்டியைச் சுற்றி நிழல்வலை, குழாய்க்குச் சாக்குச் சுற்றி வெள்ளை பெயிண்ட். மோட்டாரை விடியற்காலையில் போட்டால் அன்றைய தண்ணீர் மதியம் வரை தாங்கும்.

குடிக்கிற தண்ணீரைப் பற்றி இந்த இரண்டு மாவட்டத்திலும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பல ஊர்களில் போர்த்தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் கடைசி வரம்பு. கோடையில் இரண்டு மடங்கு தண்ணீர் குடித்தால் ஃபுளோரைடும் இரண்டு மடங்கு உடலுக்குள் போகிறது. காய்ச்சினால் அது போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகும். மண்பானை குளிரவைக்கும், ஃபுளோரைடை எடுக்காது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை மட்டும் பிடித்துவையுங்கள். குளிக்க, துவைக்க, கூலருக்கு ஊற்றப் போர்த்தண்ணீர் போகட்டும்.

தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு, நீர்க்கடுப்பு

சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் ஏற்கெனவே தாமதம். தோப்பிலோ சூளையிலோ வேலை செய்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், வெறும் தண்ணீரையே அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறையும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கேழ்வரகுக் கூழ் இந்த வேலைக்கு அருமையான சாப்பாடு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக, அதன் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் போட்டால் அளவு கெட்டுவிடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். இதயத்துக்கோ கிட்னிக்கோ மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது

இது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் குளிரவைக்க ஆரம்பிக்க வேண்டும். வியர்வை இருந்தாலும் வெப்பத்தாக்காக இருக்கலாம். “வேர்க்குதே, ஒண்ணுமில்ல” என்று விடாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் சுற்றிய துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போகும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது, இது காய்ச்சல் இல்லை.

கறவை மாடு வாயைத் திறந்து இரைத்தால், எச்சில் ஒழுக நின்றால் அதுவும் இதே கதைதான். கலப்பின மாடுகள் நாட்டுமாட்டைப் போல் தாங்காது. நிழலுக்கு மாற்றி, உடம்பில் தண்ணீர் ஊற்றி, 1962-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டைச் சுற்றிச் சருகு, பின்னால் மாந்தோப்பு அல்லது காடு

நம் பக்கத்துக் காடு இலையுதிர்க் காடு. பிப்ரவரியிலிருந்து மழை பிடிக்கும்வரை தரை முழுக்கச் சருகும் காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும். தீ பெரும்பாலும் தரையோடு தரையாகத்தான் ஓடும், பெரும்பாலும் மனிதர் கைப்பட்டதாகத்தான் இருக்கும். அஞ்செட்டி, பென்னாகரம், சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்துக் கொட்டாய்களில் வீடு எரிவது நெருப்புச் சுவர் வந்து மோதியதாலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. காற்றில் பறந்துவரும் கங்கு வாசலில் கிடக்கும் கீற்றில் விழுந்தால் போதும்.

எனவே வேலையை வீட்டிலிருந்து வெளியே நோக்கிச் செய்யுங்கள். சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு வெறும் மண் அல்லது கல். விறகு, தென்னை மட்டை, சாக்கு, காய்ந்த கொடி எதுவும் அங்கே இருக்கக்கூடாது. அங்கிருந்து முப்பதடி வரை புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். ஓட்டு இடுக்கிலும் மழைநீர் வடியும் தகரத்திலும் தங்கிய இலையை எடுங்கள், கங்கு ஒதுங்கும் இடம் அது. வீடு சரிவில் இருந்தால் பள்ளத்துப் பக்கம் இன்னும் அதிகம் சுத்தம் வேண்டும்: தீ மேட்டை நோக்கி ஓடும், சரிவு பத்து டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும்.

மாந்தோப்பில் ஒரு முரண் இருக்கிறது. தண்ணீர் மிச்சமாக மரத்தடியில் மூடாக்கு (மண்ணை மூடும் சருகுப் பரப்பு) வேண்டும். தீக்கு அதுவே தீனி. மூடாக்கு உள்ளே இருக்கட்டும், தோப்பின் எல்லையைச் சுற்றிப் பதினைந்தடிக்கு உழுது புரட்டி மண்ணை வெறுமையாக்குங்கள். இதை மார்ச்சுக்கு முன் முடிக்க வேண்டும், அப்புறம் மண் இறுகிக் கலப்பை இறங்காது.

கூட்டிய சருகை என்ன செய்வது என்றால் பலர் தீக்குச்சியைத்தான் எடுக்கிறார்கள். குழி எடுத்துச் சாணித் தண்ணீர் தெளித்து மண் போட்டு மூடுங்கள், எருவாகும். கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் கரும்பு வரிசைகளுக்கு நடுவே மூடாக்காகப் பரப்பலாம். மதியக் காற்றில் வரப்பு கொளுத்துவதைப் போன்ற முட்டாள்தனம் இந்த ஊரில் வேறில்லை.

தீக்கென்று 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர், இரண்டு வாளி, மண்வெட்டி, அரிவாள் எப்போதும் தயாராக இருக்கட்டும். யானை நடமாட்டம் உள்ள ஊரில் டிரம்மை மூடியே வையுங்கள், வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தண்ணீருக்கு வருகிற யானை சுவரையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

வைக்கோல் போரில் புளித்த வாடை, ஆவி

போரின் மேல் கோடை மழை பெய்து, அல்லது ஈரத்தோடு அடுக்கி, உள்ளே புழுங்குகிறது. யாரும் நெருப்பு வைக்காமலே இது பற்றிக்கொள்ளும். கடப்பாரையைப் போரின் நடுவரை செருகி இருபது நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடிந்தால் தினமும் இரண்டு வேளை இப்படியே கவனித்தால் போதும். பிடிக்கவே முடியாத சூடென்றால் போரைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் காற்றுப் புகுந்து ஒரே மூச்சில் எரியும். 101-ஐ அழைத்து, தண்ணீர் வண்டி பக்கத்தில் நின்ற பிறகுதான் பிரிக்க வேண்டும். போரின் மேல் ஏறி நடக்காதீர்கள், உள்ளே கரிந்து குழிந்திருக்கலாம். புதுப்போர் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் ஐம்பதடியாவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழே இல்லாமல் இருக்கட்டும்.

புகை தெரிகிறது

101 அல்லது 112. மலைமேல் கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடங்கள் உண்டு. எந்த மேட்டில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் எண் 1077.

முழங்கால் உயரத்துக்குள் எரியும் புல் தீயை மட்டுமே நாமே அடிக்கலாம். புங்கன், வேம்பின் பச்சைக் கிளையால், எரிந்து முடிந்த பக்கத்தில் நின்றுகொண்டு, ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டு போக வேண்டும். தீயின் முகத்துக்கு நேரே நிற்கக்கூடாது. அதற்கு மேல் உயர்ந்தால் விட்டுவிட்டுப் போங்கள். நைலான் சேலை, பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும். பருத்தி கட்டிக்கொள்ளுங்கள், கால் மூடிய செருப்பு போடுங்கள்.

வீட்டை விட்டுப் போவதானால் முதலில் மாடு, ஆட்டின் கயிற்றை அறுத்துவிடுங்கள். பிறகு கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள், மெயினை நிறுத்துங்கள், ஜன்னல் கதவுகளைச் சாத்துங்கள், பூட்ட வேண்டாம். மலையில் மாட்டிக்கொண்டால் மேலே ஏறி ஓடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தது சரிவில் சிக்கிய காட்டுத்தீயில்தான். பக்கவாட்டில் ஒதுங்கி, ஏற்கெனவே எரிந்து கரிந்த இடத்துக்கோ, புல் முளைக்காத மொட்டைப் பாறைக்கோ போங்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பாறைக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு அருகிலுள்ளதை இப்போதே பார்த்துவையுங்கள்.

தீ தூரத்தில் இருந்து புகை மட்டும் வீட்டுக்குள் வந்தால் கூலரை நிறுத்துங்கள், அது புகையை உள்ளே இழுக்கும். ஏசியில் உள்காற்றையே சுற்றவிடுங்கள். ஈரத்துணி நுண்தூசைப் பிடிக்காது, என்-95 முகக்கவசம் வேண்டும். ஜன்னலை மூடினால் புழுக்கம் தாங்காத வீடு என்றால் குழந்தையையும் முதியவரையும் வேறு ஊருக்கு அனுப்புங்கள்.

தீ அணைந்துவிட்டது என்கிறார்கள்

பட்டுப்போன மரம், பனை வேர், சாணி எரு மேடு மூன்றும் உள்ளுக்குள் இரண்டு மூன்று நாள் கனன்றுகொண்டிருக்கும். பொழுது சாய்ந்தபின் சுற்றிப் பாருங்கள், பகலில் தெரியாத கங்கு அப்போது தெரியும். புகைகிற இடத்தை மண்வெட்டியால் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளறி, புறங்கையை மேலே காட்டிச் சூடு தெரியாத வரை செய்யுங்கள். மண் மட்டும் போட்டு மூடினால் அடியில் கனன்று மறுநாள் காற்றில் கிளம்பும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, பாதி எரிந்த கம்பம் தெரிந்தால் கிட்டே போகாமல் மின்னகத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை மாடு அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.